முதலாளிக்கு ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் பணிநீக்கக் கடிதங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, சட்டத்தை விட்டுவிட்டு, சட்டம் சொல்கிற ஆளைப் பற்றிக் கேட்டிருந்தன. நிறுவனங்களின் பக்கம் நின்று வேலைவாய்ப்புச் சட்ட ஆலோசனை வழங்குகிறவர் எப்படி உருவாகிறார், அவருடைய வேலைதான் என்ன, அவர் யாருக்குக் கடமைப்பட்டவர் ஆகிய கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவி. நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலாளர் சட்ட வழக்கறிஞராக விரும்புகிறேன். தொடக்கத்திலேயே பெரிய சட்ட நிறுவனம் ஒன்றில் சேர்வது நல்லதா, அல்லது தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்காடும் சீனியர் ஒருவரிடம் ஜூனியராக இருப்பது நல்லதா?

பதில்: சீனியரிடம் சேருங்கள். குறைந்தது முதல் சில ஆண்டுகளுக்காவது அங்கேயே இருங்கள். ஆலோசனை என்பது, பின்னொரு நாள் குறுக்கு விசாரணைக்கு உள்ளாகப்போகும் காகிதத்தை இன்றைக்கே எழுதுகிற வேலை; அந்தக் காகிதம் நீதிமன்றத்தில் என்ன பாடுபடும் என்பதைக் கண்ணால் பார்க்காதவர் எழுதும் கருத்துரை, படிக்க நன்றாக இருக்கும், நிற்காது.

திருட்டுக் குற்றச்சாட்டு பற்றிய ஓர் உள்விசாரணைக் கோப்பை எடுத்துக்கொள்வோம். குற்றச்சாட்டுக் குறிப்பாணை இருக்கிறது, தொழிலாளியின் விளக்கம் இருக்கிறது, விசாரணை அதிகாரியின் அறிக்கை இருக்கிறது, பணிநீக்க உத்தரவும் இருக்கிறது. மேலோட்டமாகப் புரட்டினால் குறையே தெரியாது. நிர்வாகத் தரப்புச் சாட்சியாக மனிதவள மேலாளர் கூண்டில் ஏறுகிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. விசாரணை அறிக்கையின் நகல் தொழிலாளியிடம் எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று மட்டும் கேட்கிறார். மேலாளர் கோப்பைப் புரட்டுகிறார். அறிக்கையில் உள்ள தேதியும் பணிநீக்க உத்தரவில் உள்ள தேதியும் ஒன்றே. அறிக்கையைப் படித்து, அதன்மீது தொழிலாளியின் கருத்தைக் கேட்டு, தண்டனை எது என்று யோசித்து முடிவெடுக்க நிர்வாகத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பிறகு அந்தத் தொழிலாளி உண்மையிலேயே திருடினாரா இல்லையா என்பது பின்னுக்குப் போய்விடுகிறது; முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டது, விசாரணை பெயருக்கு நடந்தது என்ற வாதம் முன்னுக்கு வந்துவிடுகிறது. இதை நேரில் பார்த்த ஜூனியர், பிற்காலத்தில் எந்தக் கட்சிக்காரருக்கும் இரண்டு காகிதங்களை ஒரே நாளில் போட்டுக் கொடுக்க மாட்டார்.

இங்கிலாந்தில் 1978-ல் பிரிட்டிஷ் ஹோம் ஸ்டோர்ஸ் நிறுவனத்துக்கும் பர்ச்செல் என்ற ஊழியருக்கும் இடையே நடந்த வழக்கில், ஒழுங்கீனத்துக்காகச் செய்யப்படும் பணிநீக்கத்தை அளக்க மூன்று கேள்விகள் வகுக்கப்பட்டன. ஊழியர் குற்றம் செய்தார் என்று முதலாளி உண்மையிலேயே நம்பினாரா, அந்த நம்பிக்கைக்கு நியாயமான ஆதாரம் இருந்ததா, அந்தச் சூழ்நிலைக்குத் தக்க அளவில் விசாரித்துப் பார்த்தாரா என்பவையே அவை. மூன்றும் முடிவெடுத்தவரின் நடத்தையைப் பற்றியவை என்பதைக் கவனியுங்கள். அந்த நடத்தைக்குச் சான்று கோப்பில் மட்டும்தான் இருக்கும்.

ஜெர்மனியில் தொழிலாளர் சட்டச் சிறப்பு வழக்கறிஞர் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ள விரும்புகிறவர் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி வகுப்புகளை முடித்திருக்க வேண்டும். அதோடு மூன்று ஆண்டுகளுக்குள் 100 விவகாரங்களைத் தாமே கையாண்டிருக்க வேண்டும், அவற்றில் பாதியாவது நீதிமன்றம் போன்ற முறையான நடைமுறைகளுக்குப் போனவையாக இருக்க வேண்டும். கருத்துரை எழுதுவதில் மட்டும் காலம் கழித்தவருக்கு அந்தப் பட்டம் கிடைக்காது. மற்ற நாடுகளில் இப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும், உங்களுக்கு நீங்களே இதை விதித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்வேன். முடிந்தால், தொழிற்சங்கங்களுக்காக வழக்காடும் சீனியரிடம் சில காலம் இருங்கள். நான் தொழில் கற்றது அப்படி ஓர் அலுவலகத்தில்தான். நிறுவனத்தின் கோப்பு மேசைக்கு வந்ததும் அங்கே முதலில் பார்ப்பது குற்றச்சாட்டை அல்ல, தேதிகளை. பின்னாளில் நிறுவனங்களின் பக்கம் வந்தபோது அந்தப் பழக்கம் எனக்குப் பயன்பட்ட அளவுக்கு வேறு எந்தப் படிப்பும் பயன்படவில்லை.

கேள்வி: பல ஆண்டுகள் மனிதவளத் துறையில் வேலை பார்த்துவிட்டு, மாலை வகுப்பில் சட்டம் படித்து முடித்திருக்கிறேன். இந்த வயதில் ஜூனியராகப் போவதில் பயன் உண்டா? என் பழைய அனுபவம் கணக்கில் வருமா?

பதில்: தாராளமாக வரும், அதுவும் சட்டம் மட்டும் படித்தவர்கள் அதிகம் தடுமாறுகிற இடத்தில் வரும். யாருக்கு மிகை நேர ஊதியம் உண்டு, யாருக்கு இல்லை என்ற கேள்வியைப் பாருங்கள். அமெரிக்காவின் 1938-ம் ஆண்டு நியாயத் தொழில் தரச் சட்டம், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தரச் சொல்கிறது. அதிலிருந்து விலக்குப் பெற்றவர் யார் என்பதைப் பதவியின் பெயரைக் கொண்டு தீர்மானிக்க முடியாது, அவர் செய்யும் வேலையும் அவருடைய ஊதிய முறையும்தான் தீர்மானிக்கும். இந்தியாவின் 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தில் தொழிலாளி யார் என்ற வரையறையைச் சுற்றிப் பல பத்தாண்டுகள் நடந்த வழக்குகளும் இதையே திரும்பத் திரும்பச் சொன்னன. மேற்பார்வையாளர், மேலாளர், அலுவலர் என்று நியமனக் கடிதத்தில் எழுதிவிட்டால் ஒருவர் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து வெளியே போய்விட மாட்டார். அவருக்குக் கீழே யார் இருந்தார்கள், விடுப்பு அனுமதிக்கும் அதிகாரம் அவருக்கு இருந்ததா, காலையிலிருந்து மாலைவரை அவர் என்ன செய்தார் என்று நீதிமன்றம் கேட்கும். இந்தக் கேள்விகளுக்கு விடை சட்டப் புத்தகத்தில் இல்லை. வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் பார்த்துப் பழகிய உங்களைப் போன்றவர்களுக்கு அது எங்கே கிடைக்கும் என்று தெரியும்.

ஒரு பழக்கத்தை மட்டும் விட வேண்டியிருக்கும். மனிதவளத் துறையில் எழுதப்படும் குறிப்புகள் பெரும்பாலும் பிரச்சினையை முடித்துவைப்பதற்காக எழுதப்படுபவை. 'பேசித் தீர்க்கப்பட்டது' என்ற ஒரே வரியில் ஒரு நீண்ட உரையாடல் மறைந்துவிடும். வழக்கறிஞரின் குறிப்பு, அந்த இடத்தில் இல்லாத ஒருவர், நடந்ததைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர், ஆண்டுகள் கழித்துப் படித்தாலும் புரியும்படி இருக்க வேண்டும். யார் பேசினார், என்ன சொன்னார், என்ன ஒப்புக்கொள்ளப்பட்டது என்பது அதில் இல்லாவிட்டால் அந்தக் குறிப்பு இருந்தும் இல்லாததுதான்.

கேள்வி: சிறிய தொழிற்கூடம் நடத்துகிறேன். எதற்கெடுத்தாலும் வழக்கறிஞரைக் கேட்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. எந்தக் கட்டத்தில் கட்டாயம் கேட்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கடிதம் வெளியே போவதற்கு முன்பு. மற்ற எல்லாவற்றையும் நீங்கள் தள்ளிப்போடலாம், இதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது.

நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் எவருக்கும் பழக்கப்பட்ட தொலைபேசி அழைப்பு ஒன்று உண்டு. வார இறுதி தொடங்கும் மாலை நேரத்தில் வரும். "சார், ஆளை இன்றைக்கே அனுப்பிவிட்டோம், அதற்கு ஏற்றபடி ஒரு கடிதம் போட்டுக் கொடுங்கள்." அவரிடம் இதுவரை எழுத்தில் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று நாம் கேட்போம். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்மொழியாகப் பலமுறை எச்சரித்தோம் என்பார்கள். கடைசியாக நடந்த ஆண்டு மதிப்பீட்டை அனுப்பச் சொல்வோம். வேலைத்திறன் போதாது என்று இன்று வெளியேற்றப்பட்ட அந்த ஊழியருக்கு, சில மாதங்களுக்கு முன்புதான் 'திருப்திகரம்' என்று எழுதி ஊதிய உயர்வும் கொடுத்திருப்பார்கள். அந்த மதிப்பீட்டில் கையெழுத்துப் போட்ட அதிகாரியே இப்போது அவரை நீக்கியும் இருப்பார். இரக்கப்பட்டு நல்லபடியாக எழுதினேன் என்பார். மனிதர்களுக்கு இது புரியும், நானும் அவரை நம்புவேன். தீர்ப்பு எழுதுகிறவர் நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை.

இப்படிப்பட்ட கோப்புடன் வருகிறவரிடம், பழைய தேதியிட்டு ஓர் எச்சரிக்கைக் கடிதம் தயாரித்துவிடலாமா என்ற யோசனையும் சில நேரங்களில் கூடவே வரும். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. அந்தப் பதிலைச் சொல்லாத வழக்கறிஞரை உடனே மாற்றிவிடுங்கள். இல்லாத காகிதத்தோடு வழக்கில் தோற்றால் பணம் போகும். பொய்க் காகிதத்தோடு பிடிபட்டால் உங்கள் பக்கத்து உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள், குற்ற வழக்கும் சேர்ந்து வரும்.

கடிதம் போகும் முன்பு என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சில தவறுகளைப் பிறகு சரிசெய்யவே முடியாது என்பதுதான். ஜெர்மனியில் பணிநீக்கம் கையெழுத்திட்ட காகிதத்தில் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் அனுப்பினால் அது செல்லாது, ஊழியர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளின் குழுவான பணியாளர் மன்றம் உள்ள இடத்தில் அதன் கருத்தைக் கேட்காமல் அனுப்பினாலும் செல்லாது. இலங்கையில் 1971-ம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒழுங்கு நடவடிக்கை அல்லாத காரணத்துக்காக ஒருவரை நிறுத்த வேண்டுமானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். அமெரிக்காவில் 1988-ம் ஆண்டுச் சட்டம், 100 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள் பெரிய அளவில் ஆட்களைக் குறைக்கும்போது 60 நாள் முன்னறிவிப்புத் தரச் சொல்கிறது. இந்தியாவில் 1947-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்ய ஒரு மாத முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தர வேண்டியிருந்தது. அதைப் பிறகு கணக்குத் தீர்க்கும்போது சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர்களின் ஆட்குறைப்பு ரத்தானது, ஏனென்றால் அது முன்நிபந்தனை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டங்களில், தொழிற்சாலை போன்ற இடங்களில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளர்களிலிருந்து 300 ஆக உயர்ந்திருக்கிறது.

எண்கள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, அவை நடவடிக்கைக்கு முன்பு செய்ய வேண்டியவை என்பதே. ஆகவே செலவைக் கருதித்தான் சொல்கிறேன்: நியமனக் கடிதத்தின் மாதிரியையும் பணி விதிமுறைகளையும் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லுங்கள், அதன்பின் யாரையாவது அனுப்ப நினைக்கும்போது மட்டும் கேளுங்கள். அரைமணி நேர ஆலோசனையின் கட்டணத்தையும் ஒரு வழக்கு முடியும்வரை ஆகும் செலவையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: நான் தொழிற்சங்கத்தில் இருப்பவன். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். முதலாளியிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு தொழிலாளிக்கு நியாயம் என்று பேசுவது எப்படிப் பொருந்தும்?

பதில்: கோபம் இல்லை. இந்தக் கேள்வியை எங்கள் தொழிலில் இருப்பவர்களே தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

லூயிஸ் பிராண்டைஸ் என்ற அமெரிக்க வழக்கறிஞரைப் பற்றிச் சொல்கிறேன். 1916-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஆவதற்கு முன்பு அவர் பாஸ்டன் நகரில் தொழில் செய்தார்; அவருடைய கட்சிக்காரர்களில் வணிகர்களும் உற்பத்தியாளர்களும் நிறைய. அவர்களில் ஒரு பெரிய காலணி உற்பத்தியாளர் ஊதியத்தைக் குறைக்க நினைத்தார், தொழிலாளர்கள் மறுத்தார்கள். தன் ஆட்களுக்கு நல்ல கூலிதான் தருகிறேன் என்பது முதலாளியின் வாதம். ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஒரு தொழிலாளியின் கைக்கு எவ்வளவு போகிறது என்று பிராண்டைஸ் கேட்டார். வேலை நாளில் கூலி அதிகம்தான். ஆனால் ஆர்டர்கள் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கியதால் வேலை இல்லாத நாட்கள் ஏராளம். ஆர்டர்களை முன்கூட்டியே வாங்கி ஆண்டு முழுவதற்கும் பரப்பிக்கொள்ளும்படி அவர் சொன்ன ஆலோசனை, சட்டப் பிரிவு எதையும் சார்ந்ததல்ல. அது முதலாளிக்கும் நல்லதாக முடிந்தது. 1910-ல் நியூயார்க் மேலங்கித் தையல் தொழிலாளர்களின் பெரிய வேலைநிறுத்தத்தில் இரு தரப்புக்கும் நடுவே நின்று உடன்பாடு கண்டவரும் அவரே. அந்த உடன்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே பிராண்டைஸ் 1905-ல் ஆற்றிய ஓர் உரையில், திறமைமிக்க வழக்கறிஞர்கள் பெரும் நிறுவனங்களின் ஒட்டுறுப்புகளாகிவிட்டார்கள், மக்களைக் காக்கும் கடமையை மறந்துவிட்டார்கள் என்று குறைபட்டார். உங்கள் கேள்வி அந்தக் குறையின் இன்னொரு வடிவம்தான்.

என் நிலை இது: நான் நிறுவனத்தின் வழக்கறிஞர், நடுவர் அல்ல. நிறுவனத்தின் நலனும் தொழிலாளியின் நலனும் பல நேரங்களில் ஒரே திசையில் போகும், சில நேரங்களில் போகாது. போகாதபோது நான் நிறுவனத்தின் பக்கம்தான் வாதாடுவேன், அதை மறைப்பது உங்களை ஏமாற்றுவதாகும். ஆனால் சாட்சிக்குப் பொய் சொல்லிக்கொடுப்பது, நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் இருப்பவரைக் காகிதத்தில் மட்டும் ஒப்பந்தத் தொழிலாளி ஆக்குவது, சங்கம் அமைத்தார் என்பதற்காக நீக்கிவிட்டு வேறு காரணம் எழுதுவது ஆகியவற்றுக்கு என் கையெழுத்து கிடைக்காது. சங்கம் அமைக்கும் உரிமையும் கூட்டுப் பேரமும் 1948, 1949-ம் ஆண்டுகளின் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கைகளிலேயே எழுதப்பட்டவை. இந்த எல்லைக்குள் நிற்பவரிடம் நீங்கள் கடுமையாகப் பேரம் பேசலாம். பேசிய பேச்சு மாறாது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் நடந்த ஒரு முறைகேடு பற்றி நிறுவனத்தின் வழக்கறிஞர் என்னை அழைத்து விசாரித்தார். "மனம் விட்டுச் சொல்லுங்கள், ரகசியமாக இருக்கும்" என்றார். அவர் எனக்கும் வழக்கறிஞர்தானே?

பதில்: இல்லை. ரகசியம் என்று அவர் சொன்னது நிறுவனத்துக்கு உரிய ரகசியம்; அதை வைத்திருப்பதும் வெளியிடுவதும் நிறுவனத்தின் விருப்பம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981-ல் அப்ஜான் நிறுவன வழக்கில், ஊழியர்கள் நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் சொல்வதற்கும் வழக்கறிஞர்–கட்சிக்காரர் ரகசியக் காப்பு உண்டு என்றது. அந்தக் காப்பு நிறுவனத்துக்குச் சொந்தமானது. அதனால்தான் அங்கே, 'நான் நிறுவனத்தின் வழக்கறிஞர், உங்களுடைய வழக்கறிஞர் அல்ல' என்று பேச்சைத் தொடங்கும் முன்பே அறிவித்துவிடும் வழக்கம் வேரூன்றியது. இதை எந்த நாட்டில் இருந்தாலும் செய்வது நல்ல பழக்கம் என்பது என் கருத்து. அறிவித்தால் ஊழியர் பேசத் தயங்குவார் என்று சில இளம் வழக்கறிஞர்கள் எண்ணுகிறார்கள். தயங்கட்டும். அறிவிக்காமல் வாங்கிய வாக்குமூலம் பின்னால் தரும் தலைவலி அதைவிடப் பெரிது. நீங்கள் சொன்னதில் உங்களுக்கே பாதகமானது ஏதேனும் இருந்தால் தனியாக ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: நிறுவனத்துக்குள்ளேயே சட்ட அலுவலராக மாதச் சம்பளத்தில் சேர்வது, வெளியிலிருந்து ஆலோசகராக இருப்பது, இவற்றில் எது மேல்?

பதில்: உள்ளே இருப்பவர் முடிவு உருவாகும்போதே அந்த அறையில் இருக்கிறார், வெளியே இருப்பவருக்கு முடிவுதான் வந்து சேர்கிறது. வேலையின் சுவையைக் கருதினால் உள்ளே இருப்பது மேல். சுதந்திரத்தைக் கருதினால் வெளியே. உள்ளே இருப்பவர் யாரிடம் 'செய்யாதீர்கள்' என்று சொல்ல வேண்டுமோ, அவரே இவருக்கு ஆண்டு மதிப்பீடு எழுதுகிறவராக இருக்கக்கூடும்.

சேர்வதற்கு முன்பு இரண்டு விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் பார் கவுன்சில் விதிகளின்படி, முழுநேரச் சம்பள ஊழியராகச் சேர்கிறவர் வழக்கறிஞர் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். நீதிமன்றத்தை விட்டு விலகும் முடிவு அது. ஐரோப்பிய நீதிமன்றம் 2010-ல் ஆக்ஸோ நோபல் வழக்கில், போட்டிச் சட்ட விசாரணைகளில் நிறுவனத்தின் உள் வழக்கறிஞரோடு நடக்கும் கடிதப் போக்குவரத்துக்கு ரகசியக் காப்பு இல்லை என்று தீர்ப்பளித்தது, சம்பளம் வாங்குகிறவர் வெளி வழக்கறிஞரைப் போலச் சுதந்திரமானவர் அல்லர் என்பதே அதற்கு அது சொன்ன காரணம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், உள்ளே போகிறவர் சில கதவுகளை மூடிவிட்டுப் போகிறார் என்பது தெரியும். நீதிமன்ற அனுபவம் பெற்ற பிறகு போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: இந்தத் துறையில் இப்போது எந்த வகை வேலை அதிகம் வருகிறது? எதில் தனித்திறன் வளர்த்துக்கொள்ளலாம்?

பதில்: மூன்றைச் சொல்வேன்; மூன்றும் ஒரே அளவு முக்கியமானவை அல்ல.

முதலாவது, பணியிடத் துன்புறுத்தல் பற்றிய விசாரணைகள். இந்தியாவில், பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 1997-ம் ஆண்டின் விசாகா தீர்ப்பைத் தொடர்ந்து வந்த 2013-ம் ஆண்டுச் சட்டம், 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு அமைப்பதையும் 90 நாட்களுக்குள் விசாரணையை முடிப்பதையும் கட்டாயமாக்கியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1998-ல், சில சூழ்நிலைகளில், தடுப்பதற்கும் திருத்துவதற்கும் நியாயமான அக்கறை எடுத்துக்கொண்டேன் என்று காட்டும் முதலாளிக்கு ஒரு தற்காப்பைக் கொடுத்தது. 2019-ல் இதற்கென்றே ஒரு சர்வதேச உடன்படிக்கை வந்தது. இந்த வேலைக்குச் சட்டத்தைவிடக் காது அதிகம் தேவை. புகார் கொடுத்தவரை இடையில் நிறுத்தாமல் பேசவிடவும், புகாருக்கு உள்ளானவரைக் குற்றவாளியாக நடத்தாமல் கேட்கவும் தெரிந்தவர்கள் நம்மிடையே குறைவு. அதனால்தான் இதைக் கற்றுக்கொண்டவர்களுக்கு வேலை ஓயாது.

இரண்டாவது, செயலி வழியாக வேலை செய்கிறவர்கள் ஊழியர்களா, சுயதொழில் செய்கிறவர்களா என்ற வகைப்பாடு. 2021-ல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் கட்டணத்தையும் நிபந்தனைகளையும் யார் தீர்மானிக்கிறார்கள் என்று பார்த்து, ஓட்டுநர்களைச் சட்டப் பாதுகாப்புள்ள பணியாளர்கள் என்றது. பணி ஒப்பந்தம் எழுதித் தரும் வழக்கறிஞர்கள் அந்தத் தீர்ப்பை ஆண்டுக்கு ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

மூன்றாவது, வேலையை விட்டுப் போகிறவர் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை. கலிபோர்னியாவின் உரிமையியல் தொகுப்பும் இந்திய ஒப்பந்தச் சட்டமும் ஒரே ஆண்டில், 1872-ல், தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்று எழுதின. இங்கிலாந்தின் பொதுச் சட்டமோ, நியாயமான அளவில் இருந்தால் செல்லும் என்கிறது. செல்லாது என்று தெரிந்தும் இந்த நிபந்தனையை மாதிரிப் படிவத்திலிருந்து நகலெடுத்து எல்லா நியமனக் கடிதங்களிலும் போடும் நிறுவனங்கள் பல. வாடிக்கையாளர் விவரங்களையும் வணிக ரகசியங்களையும் பாதுகாக்கும் நல்ல ஷரத்து ஒன்றை எழுதித் தருவது இதைவிடக் கடினம், இதைவிடப் பயனுள்ளது.

கேள்வி: வழக்கறிஞர்களின் அறிமுகக் குறிப்புகளைப் பார்த்தால் எல்லாரும் 'பல முன்னணி நிறுவனங்களுக்கு ஆலோசனை வழங்கியவர்' என்றே இருக்கிறது. எங்கள் நிறுவனத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்க எதைப் பார்ப்பது?

பதில்: குறிப்பை ஒதுக்கிவிட்டு ஆளை நேரில் கேளுங்கள். எங்கள் வேலையை நீங்களே செய்வீர்களா, உங்கள் ஜூனியர் செய்வாரா? எங்கள் போட்டியாளருக்கோ, எங்கள் ஆலைச் சங்கத்துக்கோ நீங்கள் ஆலோசகரா? கடைசியாக ஒரு கட்சிக்காரரிடம் 'இந்த ஆளை நீக்காதீர்கள்' என்று எப்போது, எதற்காகச் சொன்னீர்கள்? பெயரைச் சொல்லாமல் இந்தக் கடைசிக் கேள்விக்கு விடை சொல்ல முடியும். விடையே இல்லாதவர் உங்களுக்குச் செலவு வைப்பார். வென்ற வழக்குகளின் பட்டியலை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல ஆலோசகரின் சிறந்த வேலைகள் வழக்காக மாறியிருக்காது, ஆகவே பட்டியலிலும் வராது.

கேள்வி: தொழிலாளர் வழக்குகளில் வழக்கறிஞரே ஆஜராக முடியாது என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் இந்தத் தொழிலுக்கு என்ன எதிர்காலம்?

பதில்: சொன்னதில் பாதி உண்மை. இந்தியாவின் 1947-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் ஒரு தரப்புக்கு ஆஜராக எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும் என்று இருந்தது. சமரச அலுவலர் முன்பு சம்மதம் இருந்தாலும் ஆஜராக முடியாது. சிங்கப்பூரில் 2017-ல் தொடங்கிய வேலைவாய்ப்புக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர்களுக்கு இடமே இல்லை. பண பலம் உள்ள தரப்பு திறமையான வழக்கறிஞரை நிறுத்தி, தனியாக வந்த தொழிலாளியைத் திணறடித்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம், வழக்கறிஞராக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

இதனால் நம் வேலை குறைவதில்லை, இடம் மாறுகிறது. அங்கே நிறுவனத்துக்காகப் பேசப்போகிறவர் ஒரு மேலாளர். அவருக்குச் சட்டம் சொல்லிக்கொடுக்க முயலாதீர்கள், குழம்பிப்போவார். நடந்தவற்றைத் தேதி வாரியாக ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதற்கான ஆவணத்தின் பக்க எண்ணைக் குறித்து, ஆவணம் இல்லாத வரிகளைத் தனியாகக் காட்டி அவர் கையில் கொடுங்கள். ஆவணம் இல்லாத வரிகள் பாதிக்கு மேல் இருந்தால், விசாரணை நாளுக்குக் காத்திராமல் அன்றைக்கே சமரசம் பேசச் சொல்லுங்கள்.